தோள் நிமிர்ந்த தோட்டா

வெர்லா: ...இப்படி நடுவுல நடுவுல குறுக்க பேசினா நான் சொல்லவே மாட்டேன். மொதல்ல அந்த அரத்தக் கீழ வை.

ஆரின்: வச்சாச்சு. சொல்லு. எல்க் மான் எந்தப் பக்கம் பாத்து நின்னுச்சு?

வெர்லா: பாரு, திரும்பவும்.

ஆரின்: ஒரே ஒரு கேள்விதானம்மா.

வெர்லா: வடக்க பாத்து. விலா முழுசையும் எனக்குக் காட்டிக்கிட்டு, போட்டோவுக்கு நிக்கிற மாப்பிள்ளை மாதிரி. போதுமா?

ஆரின்: போதும். காத்து?

வெர்லா: ஆரின் ஹேஸ்கெட்...

ஆரின்: சரி சரி. வாய மூடிக்கிட்டேன்.

வெர்லா: மூடறதுக்கு முன்னாடி காப்பியக் குடி, ஆறிப் போகுது. ...நான் இந்தப் பக்கச் சரிவுல. பாறை மேல கோட்டச் சுருட்டி வச்சு, அது மேல துப்பாக்கியக் கிடத்திப் படுத்திருந்தேன். நடுவுல பள்ளம். அந்தப் பக்கச் சரிவுல அது நிக்குது. முகட்டுல நம்ம பாஸ்க் நாட்டு ஆட்டுக்காரர் பெர்மின், ஆட்ட மடக்கிட்டு வந்தவரு, என்னப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டாரு. நாயக்கூட குலைக்க விடல. நான் மூச்ச விட்டேன்... பாதி மூச்சுல நிறுத்தினேன்... விசைய அமுக்கினேன். அவ்வளவுதான். முன்னங்கால் மடிஞ்சு உக்காந்துச்சு. ரெண்டாவது தோட்டாவுக்கு வேலையே இல்ல.

ஆரின்: தூரம்?

வெர்லா: அதுக்குத்தான் வரேன். காட்டிலாகா ஆளுங்க பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் முளை அடிச்சிருக்காங்க இல்ல? அந்த முளைக்கும் இந்த முளைக்கும் நானூத்திப் பத்து கஜம்னு அதுலயே எழுதிருக்கு. மான் விழுந்தது அந்த முளைக்கும் பின்னாடி. பெர்மினே போய் நின்னு பாத்துட்டு வந்தாரு.

ஆரின்: நானூறுக்கு மேல...

வெர்லா: நானூறுக்கு மேல. உன் சால்ட் லேக் தோட்டாக் கம்பெனிக்காரன் கேட்டது நானூறு. பெரிய மிருகம், ஒரே தோட்டா, ஒரு சாட்சி. மூணும் இருக்கு. இந்தா, அவன் அனுப்பின விண்ணப்பப் பாரம். பெர்மின் கையெழுத்துப் போட்டுட்டாரு. நான் போட்டுட்டேன். நீ போட்டா முடிஞ்சுது.

ஆரின்: பெர்மின் படிச்சுப் பாத்தாரா?

வெர்லா: பாக்காமயா? ரெண்டு தடவ படிச்சாரு. ‘தூரத்துக்கும் மான் விழுந்ததுக்கும் நான் சாட்சி. உள்ள என்ன தோட்டா இருந்துச்சுன்னு கடவுளுக்கும் உங்களுக்கும்தான் தெரியும்’னு சொல்லிட்டுத்தான் பேனாவத் தொட்டாரு. அவரு எப்பவும் அப்படித்தான். பாதிரியாரையே குறுக்கு விசாரணை பண்ணுற ஆளு.

ஆரின்: நல்ல மனுஷன்.

வெர்லா: நல்ல மனுஷன்தான். கையெழுத்துப் போடு. டெல்மர் தபால் வண்டிய எடுத்துக்கிட்டுப் பன்னெண்டு மணிக்கு வந்துருவான். இன்னைக்குப் போனாத்தான் கம்பெனிக்காரன் இந்த வருஷப் பட்டியல்ல உன் தோட்டாவப் போடுவான்.

ஆரின்: மணி பதினொண்ணரைதான் ஆச்சு. என்ன அவசரம். ...மூட்டையில என்ன?

வெர்லா: ஈரல். வெங்காயத்தோட வதக்கிச் சாப்பிடு. கீழ முதுகுக்கறி இருக்கு, மாவுப் பையில சுத்தி வச்சிருக்கேன். பேச்ச மாத்தாத. பாரத்துல ஒரு இடம் வேற காலியா இருக்கு. ‘தோட்டாவின் பெயர்.’ இதைக்கூட எழுதாம வச்சிருக்க.

ஆரின்: எழுதலாம்.

வெர்லா: ஹேஸ்கெட்னு எழுத வேண்டியதுதான? புதுசா தோட்டா பண்றவன் எவனும் தன் பேரத்தான வைக்கிறான். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தத் தடியன் எட்டு வச்சிருக்கான். எட்டுக்கும் அவன் பேரு.

ஆரின்: எழுதலாம், எழுதலாம்.

வெர்லா: துப்பாக்கிக் குழல்லயும் தோட்டா பேரு அடிக்காமயே குடுத்துட்ட. தோட்டா உக்காருற அறையப் பெருசாக் குடைஞ்ச துப்பாக்கிய, குழல்ல பேரு அடிக்காம வாசலத் தாண்ட விட மாட்டேன்னு ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற ஆளு. எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?

ஆரின்: மறந்துட்டேன்.

வெர்லா: நீ? மறந்துட்ட?

ஆரின்: வயசாகுது.

வெர்லா: ம்... வயசு.

ஆரின்: அந்தக் கூடு எங்க? சுட்டதும் மிஞ்சின பித்தளைக் கூடு.

வெர்லா: எந்தக் கூடு?

ஆரின்: மானச் சுட்டது. எடுத்து வச்சிருப்பியே.

வெர்லா: இருக்கு. சட்டைப் பையில... இந்தா. பாத்துக்க. கழுத்துக்குக் கீழ தோள் எப்படி நிமிந்து நிக்குது பாரு. ராணுவத்துல சேக்கலாம்.

ஆரின்: இரு, கண்ணாடியப் போட்டுக்கிறேன்.

வெர்லா: என்ன, அப்படி உத்துப் பாக்குற?

ஆரின்: அழகா வந்திருக்கு.

வெர்லா: வராதா பின்ன? போன வாரம் பக்மயர் கடையில அந்தம்மா என்கிட்டக் கேட்டா, ‘ஆரின் இருபது வருஷமா அந்தப் பட்டறைக்குள்ள என்னதான் பண்றாரு?’ன்னு. நான் சொன்னேன், ‘கடையில விக்கிற தோட்டாவோட பித்தளைக் கூட்டுக்குத் தோள் சரிஞ்சு கிடக்கு, நம்ம ஊரு ஆம்பளைங்களுக்கு மாதிரி. ஆரின் என்ன பண்றாருன்னா, துப்பாக்கியில தோட்டா உக்காருற அறையக் கொஞ்சம் பெருசாக் குடைவாரு. அதுல கடைத் தோட்டாவையே வச்சு சுடுவாரு. வெடிக்கிற வேகத்துல கூடு உப்பி, அறையோட அச்சாவே மாறிடும். வெளிய எடுத்தா தோள் நிமிந்த கூடு. அதுல கூட ஒரு சிட்டிகை வெடிமருந்து கொள்ளும். குண்டு இன்னும் வேகமாப் போகும்’னு. அவ கேக்குறா, ‘ஒரு சிட்டிகைக்கா இருபது வருஷம்?’

ஆரின்: நீ என்ன சொன்ன?

வெர்லா: ‘உன் ரொட்டி உப்புறதும் ஒரு சிட்டிகையிலதான், அது இல்லாம சுட்டுப் பாரு’ன்னு சொன்னேன்.

ஆரின்: நல்லா சொன்ன. ...பக்மயர் கடைக்கு எதுக்குப் போன?

வெர்லா: உப்பு வாங்க.

ஆரின்: உப்பு.

வெர்லா: ஆமா, உப்பு. மலைக்குப் போறவ உப்பில்லாமயா போவா?

ஆரின்: சரிதான். ...சுட்டப்ப உதை எப்படி இருந்துச்சு?

வெர்லா: ஐயோ, அதக் கேக்காத. கழுதை உதைச்ச மாதிரி. தோள்பட்டை கன்னிப் போச்சு. ரெண்டு நாளா வலது கையால தலை சீவ முடியல.

ஆரின்: அவ்வளவா?

வெர்லா: அவ்வளவு. கடைத் தோட்டாவுல இந்த உதை வருமா? உன் சிட்டிகை வேலை செய்யுதுய்யா.

ஆரின்: எங்க, காட்டு.

வெர்லா: அடச்சீ. பட்டப்பகல்ல.

ஆரின்: சத்தம்?

வெர்லா: இடி. பள்ளம் முழுக்க மூணு தடவ திரும்பி வந்துச்சு. பெர்மினோட நாய் அவரு காலுக்கு நடுவுல புகுந்துடுச்சு. ...எதுக்கு சிரிக்கிற?

ஆரின்: நாய நெனச்சேன்.

வெர்லா: நாய அப்புறம் நெனைக்கலாம். பேனாவ எடு.

ஆரின்: வெர்லா... இப்படி வெளிச்சத்துக்கு வா. இதப் பிடி. இது நீ கொண்டாந்த கூடு. இன்னொரு கையில இது. இது நான் போன மாசம் சுட்டது. ரெண்டுலயும் தோள் விளிம்புல நகத்த ஓட்டிப் பாரு.

வெர்லா: எதுக்கு?

ஆரின்: ஓட்டேன்.

வெர்லா: ...ஓட்டினேன்.

ஆரின்: எது கூரா இருக்கு?

வெர்லா: உன்னோடது கொஞ்சம்... என் நகம் தேஞ்சு போச்சு, எனக்கு ஒண்ணும் தெரியல.

ஆரின்: கடைத் தோட்டாவ மொத தடவ சுட்டா, தோள் எழும்பும். ஆனா விளிம்பு கொஞ்சம் மழுங்கினாப்புல இருக்கும். அந்தக் கூட்டையே திரும்ப நெரப்பி ரெண்டாவது தடவ சுட்டாத்தான் விளிம்பு கத்தி மாதிரி வரும். நான் உனக்குக் குடுத்த இருபதும் ஏற்கனவே ஒரு தடவ சுட்டு எழுப்பின கூடு. நீ சுட்டா அது ரெண்டாவது தடவ. நீ கொண்டாந்தது மொத தடவ.

வெர்லா: ...காப்பி இன்னும் இருக்கா?

ஆரின்: இருக்கு. இந்தா. ...உப்போட சேத்து என்ன வாங்கின?

வெர்லா: ஒரு பெட்டி தோட்டா.

ஆரின்: ம்.

வெர்லா: என்ன ‘ம்’? எப்பத்துல இருந்து தெரியும் உனக்கு?

ஆரின்: நீ கூட்டக் கையில குடுத்ததும்.

வெர்லா: அப்புறம் எதுக்குய்யா கழுதை உதையெல்லாம் என்னச் சொல்ல வச்ச?

ஆரின்: நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு.

வெர்லா: படுபாவி. ...கடைத் தோட்டாவ உன் அறையில வச்சு சுட்டா, உன் கூடு மாதிரியே வெளிய வரும்னு நீதான சொல்லிக் குடுத்த. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். உனக்குமே தெரியாதுன்னு.

ஆரின்: ஊருல வேற யாருக்கும் தெரியாது. நீ நெனச்சது சரிதான்.

வெர்லா: அப்போ கையெழுத்துப் போடு.

ஆரின்: வெர்லா.

வெர்லா: என்ன வெர்லா? நீதான ஊர் முழுக்க சொன்ன, ‘பட்டியல்ல வந்தா பட்டறைய வச்சுக்கிட்டு இங்கயே இருப்பேன், வரலன்னா பனி விழுறதுக்கு முன்னாடி பாய்ஸிக்கு மக வீட்டோட போயிருவேன்’னு. லொரேன் உனக்கு மாடியில ரூம் கூட ஒழிச்சு வச்சுட்டா. பூப்போட்ட திரை போட்டிருக்கான்னு நீயேதான் சொன்ன. அந்தத் திரைக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவ? எதக் குடைவ? ஜன்னலயா?

ஆரின்: அதுக்காகவா பொய் சொன்ன?

வெர்லா: பின்ன, ஈரல் திங்க ஆள் இல்லாமயா சொன்னேன்?

ஆரின்: ...என் இருபதும் எங்க?

வெர்லா: ஆத்துல.

ஆரின்: ஆத்துலயா?

வெர்லா: சால்மன் ஆத்துல. கடக்கிறப்ப கோவேறு கழுதை சறுக்கிடுச்சு. சேணப் பை தொறந்துக்கிட்டுச்சு. பெட்டியோட போச்சு.

ஆரின்: கடைத் தோட்டாவ ஆத்துக்கு முன்னாடியே வாங்கிட்டியே. உப்போட.

வெர்லா: அது... துணைக்கு இருக்கட்டும்னு வாங்கினது. எதையாவது கிண்டிக்கிட்டே இருக்காத. ...ஏய், என்ன பண்ற? அது பாரம். ஆரின், கிழிக்காத.

ஆரின்: கிழிச்சாச்சு.

வெர்லா: பெர்மினோட கையெழுத்து...

ஆரின்: பெர்மினுக்கு ஒண்ணும் ஆகாது. அவரு பொய் சொல்லல. உக்காரு. உக்காரும்மா. நான் ஒண்ணு சொல்லணும். சொன்னா கோவப்படுவ.

வெர்லா: ஏற்கனவே கோவமாத்தான் இருக்கேன். சொல்லு.

ஆரின்: நீ என் தோட்டாவையே சுட்டிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது.

வெர்லா: ஏன்?

ஆரின்: அந்த இருபதுலயும் கூடுதலா ஒரு சிட்டிகை மருந்து கிடையாது. கடைக்காரன் போடுற அளவுதான் போட்டேன்.

வெர்லா: என்னது?

ஆரின்: கூட்டுல இடம் இருக்கு. இருபது வருஷமா அந்த இடத்துக்காகத்தான் உசுர விட்டேன். நெரப்பத்தான் கை வரல.

வெர்லா: ஏன், நான் தாங்க மாட்டேன்னா? நான் ஒன்பது வயசுல இருந்து சுடுறேன். எங்கப்பா துப்பாக்கி என்னவிட உயரம்.

ஆரின்: உன்ன நான் சந்தேகப்படல. என்னத்தான் சந்தேகப்பட்டேன். புதுசா ஒரு அளவு போட்டா, மொதல்ல துப்பாக்கிய பழைய டயர்ல கட்டி வச்சு, செவுத்துக்குப் பின்னாடி நின்னு கயித்தால விசைய இழுப்பேன். அப்புறம் நானே தோள்ல வச்சு சுடுவேன். அப்பல்லாம் பயமில்ல. என் மூஞ்சிதான, போனாப் போகுதுன்னு விட்டுருவேன். உனக்கு நெரப்ப உக்காந்தேன். மூணு சாயங்காலம் உக்காந்தேன். தராசத் தட்டித் தட்டிப் பாத்தேன். கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா, நீ கன்னத்த வச்சுப் படுக்கிறது கண்ணு முன்னாடி வந்துருச்சு. கொஞ்சம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் எடுத்தேன். கடைசியில கடை அளவுக்கே வந்து நின்னேன். கோவமா?

வெர்லா: அப்போ... ‘உதை எப்படி இருந்துச்சு’ன்னு கேட்டியே...

ஆரின்: கழுதைன்னு சொன்ன.

வெர்லா: உன் தோட்டாவே ஆனாலும் அப்படி உதைச்சிருக்காது.

ஆரின்: உதைச்சிருக்காது.

வெர்லா: நான் தலை சீவ முடியலன்னு சொன்னப்போ நீ உள்ளுக்குள்ள...

ஆரின்: சிரிப்ப அடக்கிக்கிட்டு நாய் மேல பழிய போட்டேன்.

வெர்லா: நாசமாப் போக. ...அட, எனக்கே சிரிப்பு வருதுய்யா. கண்ணுல தண்ணி வருது. அந்தத் துணியக் குடு. இது எண்ணெய்த் துணி, வேற குடு.

ஆரின்: இந்தா. ...ஆனா ஒண்ணு பாத்தியா? கடைத் தோட்டா. பெரிய அறையில வச்சா இன்னும் கொஞ்சம் வேகம் குறையத்தான் செய்யும். அத வச்சு நானூறு கஜத்துக்கு மேல, ஒரே அடி. நான் இருபது வருஷமா மருந்துல தேடினது உன் கையில இருந்திருக்கு.

வெர்லா: ஐஸ் வைக்காத.

ஆரின்: இல்லம்மா. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு நிம்மதியாக்கூட இருக்கு.

வெர்லா: உனக்கு நிம்மதி. பாய்ஸியில பூப்போட்ட திரை காத்துக்கிட்டு இருக்கு. போ. போய் நிம்மதியா உக்காரு. இந்தப் பட்டறை வைஸ், தராசு எல்லாத்தையும் அந்த ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தடியனுக்குக் குடுத்துட்டுப் போ. ஞாயித்துக்கிழமையானா நீ வந்து சரி பண்ற என் அடுப்புல புகை போகலன்னா, இனி அவனையே கூப்பிட்டுக்கிறேன்.

ஆரின்: அவனுக்கு அடுப்பு வேலை தெரியாது.

வெர்லா: தெரிஞ்சுக்குவான்.

டெல்மர்: ஆரின் அண்ணே, தபால். ...அட, வெர்லாக்காவும் இங்கயா? ஊரெல்லாம் உங்க மான் பேச்சுத்தான்க்கா. அறுநூறு கஜமாமே?

வெர்லா: காலையில நானூறா இருந்துச்சு டெல்மர். நீ அடுத்த ஊர் போறதுக்குள்ள ஆயிரம் ஆயிரும்.

டெல்மர்: ஏன்க்கா கண்ணெல்லாம் செவந்திருக்கு?

வெர்லா: வெங்காயம்.

டெல்மர்: இங்க வெங்காயத்தையே காணோமே... சரி, எனக்கெதுக்கு. அண்ணே, சால்ட் லேக் பாரம் குடுத்துருவீங்கன்னு போஸ்ட் மாஸ்டர் சொல்லி அனுப்பினாரு.

ஆரின்: பாரம் இல்ல டெல்மர். இந்தக் கடிதம் மட்டும்தான். ஒட்டியாச்சு, ஸ்டாம்பும் வச்சாச்சு.

டெல்மர்: பாய்ஸிக்கா? லொரேன் பொண்ணுக்கு. சரிண்ணே. வரேன்க்கா. ஈரல் மிச்சம் இருந்தா திரும்பி வரப்ப நிறுத்துறேன்.

வெர்லா: நிறுத்து. எங்க போயிரப் போகுது. ...ஆரின்.

ஆரின்: ம்?

வெர்லா: லொரேனுக்கு என்ன எழுதிருக்க? எந்த வண்டியில வரேன்னா?

ஆரின்: வரலன்னு.

வெர்லா: ...என்ன வரல?

ஆரின்: நான் வரல. மாடி ரூம யாருக்காவது குடுத்துருன்னு எழுதிருக்கேன். திரை அழகா இருக்குன்னும் எழுதிருக்கேன், பாவம், அவளே தச்சது.

வெர்லா: எப்ப எழுதின? பாரத்த இப்பத்தான கிழிச்ச. நான் இங்கதான உக்காந்திருக்கேன்.

ஆரின்: நீ மலைக்குக் கிளம்பின அன்னைக்கு. நீ வளைவுல திரும்புற வரைக்கும் பாத்துட்டு, உள்ள வந்து எழுதினேன்.

வெர்லா: மான் விழுறதுக்கு முன்னாடியேவா?

ஆரின்: மானுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

வெர்லா: அப்போ எதுக்குய்யா இத்தன நாள் பையிலயே வச்சிருந்த?

ஆரின்: நீ திரும்பி வந்து ஏதாவது சொல்லுவியோன்னு... சரி, அத விடு. ஆத்துல போன பெட்டி... போறதுக்கு முன்னாடி அதத் தொறந்து பாத்தியா?

வெர்லா: தொறந்தா?

ஆரின்: மூடிய. மூடிக்கு உள்பக்கம்.

வெர்லா: ஏன், அதுல என்ன?

ஆரின்: ஒண்ணும் இல்ல. தோட்டாவோட பேர அதுலதான் எழுதி வச்சிருந்தேன், பென்சில்ல. மொத மொத எழுதினது. நீ பாத்துட்டு என்ன சொல்லுவியோன்னு தெரியாமத்தான் குழல்லயும் அடிக்கல, பாரத்துலயும் எழுதல. ...ஆத்தோட போச்சு இல்ல? பரவாயில்ல. அதுவும் நல்லதுக்குத்தான்.

வெர்லா: ஆத்துல ஒண்ணும் போகலய்யா. இருபதும் என் சமையல்கட்டு அலமாரியில, காப்பி டப்பாவுக்குப் பின்னாடி பத்திரமா இருக்கு. கிளம்புற அன்னைக்குக் காலையிலயே மூடியத் தொறந்து என் பேரப் பாத்துட்டேன். அதுக்கப்புறம் அத சுட்டுத் தீக்க மனசு வராமத்தான் பக்மயர் கடைக்கு ஓடினேன். துப்பாக்கி வண்டியில இருக்கு, எடுத்துட்டு வரேன். அந்த எழுத்து அடிக்கிற அச்செல்லாம் வெளிய எடு. என் கண்ணு முன்னாடியே அந்தப் பேரக் குழல்ல அடி.